ஒரு விஞ்ஞானியின் கடன் பேரேடு

(ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடை நடத்தும் எவரிடமும் ஒரு பேரேடு இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று அதில் எழுதியிருக்கும். நாணயமான வணிகர் யார்? தமக்கு வரவேண்டியதை எழுதுவதற்கு முன்னால், தாம் திருப்பித் தரவேண்டியதை எழுதி வைப்பவர். வாங்கிய கடனை மறந்துபோகிறவரை எந்த மண்டியிலும் நம்ப மாட்டார்கள்.

ராக்கெட் கட்டிய ஒரு மனிதர், ஏவுகணை செய்த ஒரு மனிதர், பிறகு இந்த நாட்டின் குடியரசுத் தலைவராக அமர்ந்த ஒரு மனிதர், தம் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தபோது இப்படி ஒரு கடன் பேரேட்டைத்தான் எழுதினார். ஆம்! டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களைத்தான் சொல்கிறேன். அருண் திவாரியோடு சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1999-ல் வெளிவந்தது. தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்ற பெயரில் வந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. உங்களில் பலர் வீட்டு அலமாரியில் அது இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கூட வாங்கியிருப்பீர்கள்.

கலாமைப் பற்றி யார் பேசினாலும் கனவு காணுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆட்டோவின் முதுகிலும் அதுதான், பள்ளிச் சுவரிலும் அதுதான். ஆனால் அந்தப் பையனின் கனவுக்கு யார் யார் பணம் கட்டினார்கள், யார் புத்தகம் கொடுத்தார்கள், யார் பழியைத் தாங்கினார்கள் என்று அவரே பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறாரே, அதை யார் பேசுகிறார்கள்? அந்தப் பக்கங்களைத்தான் இன்று உங்கள் முன் பிரித்துவைக்க விரும்புகிறேன்.

புளியங்கொட்டையும் செய்தித்தாள் கட்டும்

1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஜைனுலாப்தீன், தாயார் ஆஷியம்மா. வீடு பள்ளிவாசல் தெருவில். தந்தைக்குப் பெரிய பள்ளிப் படிப்பும் கிடையாது, பெரிய சொத்தும் கிடையாது. யாத்திரிகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டினார். அந்தப் படகையும் ஒரு புயல் அடித்துக்கொண்டு போனது.

இரண்டாம் உலகப் போர் 1939-ல் மூண்டபோது சிறுவன் கலாமுக்கு எட்டு வயது. திடீரென்று சந்தையில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. பையன் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் தெரு மளிகைக் கடையில் விற்பான். ஒரு நாள் முழுதும் பொறுக்கினால் ஓரணா. பின்னர் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நின்றுபோனது. ஓடுகிற வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்கள். ஊரில் பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுத்தீனுக்குக் கட்டுகளைப் பொறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையில்தான் கலாம் தம் முதல் கூலியை வாங்கினார். அரை நூற்றாண்டு கழித்து எழுதும்போதும் அந்தப் பெருமை அவருக்குக் குறையவில்லை.

அதே ஊரில் அகமது ஜலாலுத்தீன் என்று ஒருவர் இருந்தார். பிற்பாடு கலாமின் அக்காள் ஜொஹராவை மணந்து மச்சான் ஆனவர். குடும்பச் சூழ்நிலையால் அதிகம் படிக்க முடியாதவர். ஆனால் அந்தத் தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கலாம் குறிக்கிறார். யாருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் அவரிடம் வருவார்கள். அவரும் எழுதிக் கொடுப்பார். உலகம் இந்தத் தீவோடு முடிந்துவிடவில்லை என்று சிறுவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவரும் அவர்தான்.

எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்று இன்னொருவர். சொந்த வீட்டில் நல்ல நூலகம் வைத்திருந்தார். படிக்க ஆசைப்பட்ட பையனுக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, படி என்றார்.

எண்ணிப் பாருங்கள்! ஒருவர் வேலை கொடுத்தார். ஒருவர் எழுத்தின் மதிப்பைக் காட்டினார். ஒருவர் புத்தகம் கொடுத்தார். மூவரில் எவரும் கோடீஸ்வரர் இல்லை.

தொப்பி போட்ட பையன்

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. ஐந்தாம் வகுப்பில் கலாம் தொப்பி அணிந்து முன் வரிசையில் உட்காருவார். பக்கத்தில் அவருடைய நண்பன் ராமநாத சாஸ்திரி, ராமேஸ்வரம் கோயில் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியின் மகன். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. முஸ்லிம் பையனைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கலாம் போகும்போது ராமநாதன் அழுதுவிட்டான்.

செய்தி வீட்டுக்குப் போனது. லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, பிஞ்சு மனங்களில் விஷம் கலக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையேல் ஊரைவிட்டுப் போ என்ற பொருள்பட நேருக்கு நேராகக் கண்டித்தார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இன்னும் ஒருபடி மேலே போனார். மாணவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். சமையலறைக்குள் முஸ்லிம் பையனா என்று வீட்டம்மா பரிமாற மறுத்தபோது, ஐயரே தம் கையால் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடி அழைத்தார். அப்போது அந்த அம்மையாரே உள்ளே கூட்டிப்போய்ப் பரிமாறினார்.

அவமானம் நடந்தது. அதைக் கலாம் மறைக்கவில்லை, எழுதினார். அதைத் துடைத்தவர்களின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதினார். இன்றைக்கும் நம் பிள்ளைகளில் சிலர் பள்ளியிலும் கம்பெனி வாசலிலும் இப்படிப்பட்ட பார்வையைச் சந்திக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டும், எதிர்த்துக் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒரு பார்வைக்காகப் படிப்பை விட்டுவிட்டு வெளியேறினால் நஷ்டம் யாருக்கு? கடைசி வரிசைக்கு அனுப்பியவருக்கா, நமக்கா?

ஆயிரம் ரூபாய்

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் அவருக்குத் தன்னம்பிக்கை கொடுத்தார். 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் படித்து முடித்தார். அதன் பிறகுதான் தமக்கு வேண்டியது பொறியியல் என்று தெரிந்தது. சென்னை குரோம்பேட்டையில் இருந்த எம்.ஐ.டி.யில் இடமும் கிடைத்தது.

இடம் கிடைத்துவிட்டது, பணம் இல்லை! சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய். தந்தையிடம் அவ்வளவு பணம் கிடையாது. அப்போது அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்துத்தான் கலாம் விமானப் பொறியியல் படிக்கப் போனார். என் சொந்தச் சம்பாத்தியத்தில் இந்த வளையல்களை மீட்டுத் தருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது.

அந்த உதவித்தொகையும் ஒருமுறை ஆட்டம் கண்டது. தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பு வேலையில் கலாம் பின்தங்கியபோது, பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். அன்றிரவு சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன்னால் உட்கார்ந்தார் கலாம். கெடுவுக்குள் முடித்தார்.

பெண்மக்களே, தாய்மார்களே! இந்த நாட்டின் ராக்கெட் வரலாற்றில் முதல் பெயராக விக்ரம் சாராபாயைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் கலாமின் பேரேட்டில் முதல் பெரிய தொகை ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. நகையைக் கழற்றிக் கொடுத்த அக்காளுக்கு அந்தத் தம்பி என்ன ஆவான் என்று தெரியுமா? தெரியாது. தெரிந்து கொடுத்திருந்தால் அது வியாபாரம். தெரியாமல் கொடுத்தாரே, அதனால்தான் அது நன்மை.

வணிகர்களுக்கும் ஒரு வரி உண்டு. கலாமின் அண்ணன் முஸ்தபா கமால் ராமேஸ்வரம் ரயில் நிலையச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லூரி விடுமுறைக்கு வந்தால் தம்பியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு மணிக்கணக்கில் எங்கேயோ போய்விடுவார். எண்ணெய், வெங்காயம், அரிசி எல்லாம் கலாம் விற்றார். வேகமாக விற்றவை சிகரெட்டும் பீடியும்தான். ஏழைகள் ஏன் பாடுபட்ட காசை இப்படிப் புகைத்துத் தள்ளுகிறார்கள் என்று யோசித்ததாக எழுதுகிறார். கடையில் உட்கார்ந்தது அவரைக் கெடுக்கவில்லை. விடுமுறை முடிந்ததும் அண்ணன் அவரைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பினார். அதுதான் முக்கியம்!

முதல் பரிசு தமிழில்

அவர் எழுத்தாளரானது குடியரசுத் தலைவரான பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எம்.ஐ.டி. மாணவராக இருந்தபோதே அங்குள்ள தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி நடத்தியது. நாமே நமது விமானத்தைக் கட்டுவோம் என்ற பொருளில் கலாம் தமிழில் எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். பிற்காலத்தில் நூல் மேல் நூலாக எழுதியவரின் எழுத்து, தாய்மொழியில் எழுதிய ஒரு மாணவக் கட்டுரையில் தொடங்கியிருக்கிறது.

வங்கதேசத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ஜமால் நஸ்ருல் இஸ்லாம் என்று பெயர். அண்டத்தின் இறுதி முடிவு பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து வாழ்க்கையை விட்டுவிட்டு, சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் திரும்பினார். கருந்துளைகளைப் பற்றி வங்க மொழியிலும் எழுதினார். 2013-ல் மறையும் வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. கற்றதைத் தன் மக்களின் மொழியில் திருப்பிக் கொடுப்பது ஒரு கடன் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

நம் நிலைமை என்ன? இந்த எல்லைப் பகுதியில் நம் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறான். கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறான். பள்ளியில் தமிழ் படிக்கிறான். பெங்களூர் போனால் இந்தியும் சேர்ந்துகொள்கிறது. ஐந்து மொழியில் பேரம் பேசத் தெரிந்த பையனிடம், ஒரு மொழியிலாவது பிழையில்லாமல் ஒரு விண்ணப்பம் எழுது என்றால் திணறுகிறான். நமக்கு இறங்கிய முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது, அதோடு சேர்த்துச் சொல்லப்பட்டது எழுதுகோல் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த எழுதுகோல் நம் பிள்ளையின் கையில் இருக்கிறதா என்று பார்த்தோமா?

பெங்களூர்ச் சாலையும் திப்புவின் படமும்

எம்.ஐ.டி.க்குப் பிறகு கலாம் பயிற்சிக்கு வந்தது எங்கே? நம் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு! இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் விமான இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்த்தார். கையில் கிரீஸ் படாமல் அவர் விஞ்ஞானி ஆகவில்லை. பிறகு டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடங்கள், இவர் ஒன்பதாவது. ஆசைப்பட்ட விமானி வேலை கை நழுவியது. 1958-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கிருந்து மீண்டும் பெங்களூர். அங்கிருந்து விண்வெளி ஆய்வுக் குழு. 1963-ல் அமெரிக்காவில் பயிற்சி.

அமெரிக்காவில் வாலப்ஸ் தீவில் இருக்கும் ராக்கெட் தளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். போர்க்களம், பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கின்றன, அவற்றை ஏவும் வீரர்களின் நிறம் வெள்ளை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால், ஆங்கிலேயரோடு போரிடும் திப்பு சுல்தானின் படை! சொந்த நாட்டில் மறந்துபோன செய்தியை அமெரிக்கர்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று வியந்தார்.

கிருஷ்ணகிரிக்காரர்களே, அந்தப் படம் உங்களுக்கு அந்நியமானதா? நீங்கள் நிற்கும் இந்தப் பாராமகால் மண் 1792 வரை ஹைதர் அலி, திப்பு ஆட்சியில் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து, மூங்கிலில் கட்டி ஏவிய மைசூர் ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் 1799-க்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். வில்லியம் காங்கிரீவ் அதைத் தொடர்ந்து தம் ராக்கெட்டைச் செய்தார். நாம் திப்புவின் பெயரால் பெருமை பேசினோம். அவர்கள் ராக்கெட்டைப் பிரித்துப் படித்தார்கள்.

இன்றும் கதை அதேதான். மாணவர் கலாம் விமானம் கட்டுவோம் என்று எழுதினாரே, ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் நிறுவனம் இத்தாலிய உரிமம் பெற்றுச் சிறு விமானங்களையே கட்டியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வண்டியும் கைக்கடிகாரமும் நம் வாசலில் தயாராகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர், கெலமங்கலம் பக்கம் கைப்பேசிப் பாகங்கள். கம்பெனி நம் ஊரில் இருக்கிறது. ஆனால் வரைபடம் போடும் மேசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? காண்ட்ராக்ட் ஷிப்டிலும், பழைய இரும்புக் கடையிலும், லாரி செட்டிலும் மட்டும் எத்தனை பேர்? எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் வேறு வழியே இல்லை என்று ஒரு தலைமுறை நினைத்துவிட்டால் அது கேவலம்.

பழியைத் தாங்கிய தோள்

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் சோதனை ஏவுதல். கலாம்தான் திட்ட இயக்குநர். ஏவுவதற்குச் சற்று முன்னால் கோளாறு இருக்கிறது என்று கணினி நிறுத்திவிட்டது. கூடியிருந்த நிபுணர்கள் கூடுதல் எரிபொருள் இருக்கிறது, போகலாம் என்றார்கள். கலாம் ஏவ முடிவு செய்தார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பொறுப்பு என்னுடையது என்று பின்னாளில் மாணவர் கூட்டங்களில் அவரே சொல்லிவந்தார்.

அன்று பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே அவர்கள் முன் போய் உட்கார்ந்தார். தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்று, என் குழுவின் மீது நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குத் தவான், இப்போது நீ போய்ப் பேசு என்று கலாமை முன்னால் அனுப்பினார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையன் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றால், மறுநாளே கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரு ராக்கெட்டுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு நம் மகனுக்கு இல்லையா? மகள் என்றால் அந்த முதல் வாய்ப்பே சில வீடுகளில் இல்லையே!

கேள்விகள் உண்டு

கலாமைப் பற்றிப் பேசினால் நம்மவர்களே சில கேள்விகளை எழுப்புவார்கள். 2002-ல் அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியது எந்தக் கூட்டணி? குஜராத் எரிந்த ஆண்டல்லவா அது? அவர் செய்தவை ஆயுதங்கள்தானே? நியாயமான கேள்விகள். பதவியேற்ற பின் 2002 ஆகஸ்டில் அவர் குஜராத்துக்குப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். அது போதுமா, போதாதா என்று விவாதிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிருத்வியும் அக்னியும் உயிரைக் கொல்லும் கருவிகள்தான். அக்னிக்காகச் செய்த எடை குறைந்த பொருளைக் கொண்டு, மூன்று கிலோ இரும்பைக் காலில் கட்டி நடந்த போலியோ குழந்தைகளுக்கு 300 கிராமில் ஊன்றுகருவி செய்து கொடுத்ததும் அவருடைய குழுதான். இரண்டையும் எடுத்து வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆனால் ஒன்று. அவரை விமர்சிப்பவர் பிள்ளையும் படிக்கவில்லை, அவரைக் கொண்டாடுபவர் பிள்ளையும் படிக்கவில்லை என்றால், அந்த விவாதத்தால் சமுதாயத்துக்கு என்ன லாபம்?

நம் பேரேட்டைத் திறப்போம்

பேசிவிட்டுக் கலைந்துபோவதற்காக உங்களை அழைக்கவில்லை. மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மாணிக்கத்தின் அலமாரி. ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. நான்கு மேசை, நல்ல விளக்கு, தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் நூல்கள், நாளிதழ்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். இரவு பத்து மணி வரை திறந்திருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்தில் எந்தப் பிள்ளை படிக்கும்?

இரண்டாவது, ஜலாலுத்தீனின் பேனா. 2007-ல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது. போராடிப் பெற்ற உரிமை அது. சாதிச் சான்றிதழ் நேரத்துக்கு வாங்காததால், கடைசித் தேதி தெரியாததால், விண்ணப்பத்தில் பிழை இருந்ததால் ஒரு பிள்ளையின் இடம் போகக் கூடாது. ஓசூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கல்லூரி படிக்கும் இளைஞர்களே, வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வருபவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். ஒரு தீவுக்கு ஒரு ஜலாலுத்தீன் போதுமாக இருந்தார். உங்கள் தெருவுக்கு நீங்கள் ஒருவர் போதும்.

மூன்றாவது, ஜொஹராவின் வளையல். வணிகப் பெருமக்களே, இது உங்களுக்கு. மாம்பழ சீசனில், கிரானைட் லோடில், உதிரிபாகக் கடையில் வருகிற லாபத்தில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்தும் ஒருவரை எடுக்கலாம். திருமண மண்டபத்துக்கும் விருந்துக்கும் செலவழிப்பதைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு பாலிடெக்னிக் படிப்பு வந்துவிடும். கொடுத்ததை மேடையில் சொல்லிக்காட்டாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: நீ சம்பாதிக்கத் தொடங்கியதும் இன்னொரு பிள்ளைக்குக் கட்ட வேண்டும்.

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்து உயிர் நீத்தார். 83 வயது. ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் செய்தார்கள். சம்சுத்தீன், ஜலாலுத்தீன், மாணிக்கம், சிவசுப்பிரமணிய ஐயர், ஜொஹரா என்ற பெயர்களை இன்று லட்சக்கணக்கானவர்கள் அறிவார்கள் என்றால், வாங்கியதை மறக்காமல் அவர் எழுதி வைத்ததுதான் காரணம்.

நாளை ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ காவேரிப்பட்டணத்திலோ ஒரு பிள்ளை பெரிய ஆளாகித் தன் கதையை எழுத உட்காரும், இன்ஷா அல்லாஹ். அதில் நம் தெருவில் யாருடைய பெயர் வரவேண்டும் என்பதை இந்த ஜூன் மாதச் சேர்க்கைக்குள் முடிவு செய்யுங்கள். அறைக்குச் சாவி யாரிடம், விண்ணப்ப மேசைக்கு யார், முதல் பிள்ளை யார் என்று எழுதிக்கொண்டு ஜமாஅத் நிர்வாகிகளை வந்து பாருங்கள்.